அண்ணா பல்கலை பைதான் பாடம்: கொடுத்த சிலபஸுக்குள் நின்றே எப்படி மேம்படுத்துகிறீர்கள்?

கணினிமேசை (இழையைத் தொடங்கியவர்), அக்டோபர் 2023

வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பைதான் நிரல்மொழி எடுக்கிறேன். ரெகுலேஷன் 2021-இல் (பல்கலையின் 2021 பாடத்திட்ட விதிமுறையில்) வரும் பாடம் ஜிஇ3151, அதோடு சேர்ந்த ஆய்வகம் ஜிஇ3171. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து ஒரு வரியைச் சேர்க்கவோ எடுக்கவோ பேசலாம். நமக்கு அது கிடையாது. சிலபஸ் வெளியிலிருந்து வருகிறது, வினாத்தாளும் வெளியிலிருந்து வருகிறது.

ஆனாலும் அந்த சிலபஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எதை நடத்த வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். எந்தக் கணக்கை வைத்து நடத்துவது, எதற்கு அதிக நேரம் கொடுப்பது, முந்தைய யூனிட்டில் (பாடப்பகுதியில்) செய்ததை அடுத்த யூனிட்டில் எப்படிப் பயன்படுத்துவது, உள்மதிப்பீட்டை எப்படி வைப்பது, இதெல்லாம் ஆசிரியர் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் நாம் நிறையச் செய்யலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை.

நான் செய்வதை முதலில் சொல்கிறேன். ஆய்வகத்தின் முதல் பயிற்சியிலேயே மின்கட்டணக் கணக்கு இருக்கிறது. அங்கே கேட்பது ஃப்ளோசார்ட் (படிகளைக் காட்டும் வரைபடம்) மட்டும். வரைந்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கியதோடு பல வகுப்புகளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நான் அதே கணக்கைப் பாடத்தின் ஐந்து யூனிட்டுக்கும் கொண்டுபோகிறேன்.

ஆய்வக மேனுவல்களில் பெரும்பாலும் ஏதோ கற்பனைக் கட்டணம் இருக்கும்: 100 வரை 1 ரூபாய், 200 வரை 2 ரூபாய் என்று. அதை எடுத்துவிட்டு நம் வீட்டு பில்லை வையுங்கள். 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டணம் புரோகிராமிங் வகுப்புக்கு அருமையான கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். அந்த 2022 கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 படியே இல்லை. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. அதற்கு மேல் 500 வரை 6, 600 வரை 8 என்று ஏறும். கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்.

மாணவர்கள் முதலில் வரையும் ஃப்ளோசார்ட்டில் இந்தத் தாவல் இருக்காது. வீட்டிலிருந்து பில்லைக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னால் 500-க்கு மேல் ஓடிய வீட்டுப் பிள்ளைகள் "எனக்கு மட்டும் விடை வரவில்லை" என்று எழுந்து நிற்பார்கள். அந்த இடத்தில்தான் அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை) என்றால் என்ன என்பது வகுப்புக்குப் புரிகிறது.

அப்புறம் இரண்டாம் யூனிட்டில் ஒரே ஒரு படிக்கான கணக்கை எக்ஸ்பிரஷனாக எழுதுவோம். முழு எண், தசம எண் வேறுபாடு அங்கே வந்துவிடும். மூன்றாம் யூனிட்டில் இஃப், எல்இஃப் போட்டு முழு பில், பிறகு அதையே மின் யூனிட்டை வாங்கிக்கொண்டு தொகையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக மாற்றுவோம். 100, 101, 500, 501 ஆகிய நான்கு எண்களையும் கொடுத்துச் சோதிக்காமல் யாரும் கையெழுத்துக்கு வரக்கூடாது. நான்காம் யூனிட்டில் கட்டண விகிதங்களை டப்பிள்களின் (சேர்ந்தே இருக்கும் சிறு தொகுப்புகளின்) லிஸ்ட்டாக வெளியே எடுத்துவிடுவோம். நாளை கட்டணம் மாறினால் அந்த லிஸ்ட்டை மட்டும் திருத்தினால் போதும் என்பதை அவர்களே சொல்வார்கள். இணைப்பு எண்ணைக் கீயாக வைத்து, அதைக் கொண்டு விவரத்தைத் தேடி எடுக்க ஒரு டிக்ஷனரி. ஐந்தாம் யூனிட்டில் ஃபைலிலிருந்து ரீடிங் படிப்பது; இந்த முறை ரீடிங் போன முறையைவிடக் குறைவாக இருந்தால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு).

சிலபஸில் உள்ள ஒன்றையும் விடவில்லை. புதிதாக எதையும் திணிக்கவும் இல்லை.

---

புதுவிரிவுரையாளர்

சார், படிக்கவே ஆசையாக இருக்கிறது. நான் இந்த வருடம்தான் சேர்ந்தேன். என் சந்தேகம் இதுதான். எங்கள் கல்லூரியில் முதலாண்டுக்கு ஆறு செக்‌ஷன். ஆறு பேர் எடுக்கிறோம். லெசன் பிளான் பொது, இன்டர்னல் (உள்மதிப்பீட்டுத் தேர்வு) தேதி பொது, வினாத்தாளும் பொது. நான் மட்டும் வேறு மாதிரி நடத்தினால் பக்கத்து செக்‌ஷன் நோட்ஸை வைத்துக்கொண்டு "எங்களுக்கு இது நடத்தவில்லை" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவரிடம்) எப்படிச் சொல்வது?

---

முப்பதாண்டு ஆசிரியர்

கணினிமேசை சார், உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சில விஷயங்களைத் திறந்து பேச வேண்டும்.

பல்கலைத் தேர்வில் பகுதி அ-வில் 10 இரண்டு மதிப்பெண் கேள்வி, பகுதி ஆ-வில் ஐந்து 13 மதிப்பெண் கேள்வி, கடைசியில் ஒரு 15 மதிப்பெண். 13 மதிப்பெண் கேள்வியில் "இது அல்லது அது" என்றுதான் சாய்ஸ். எனவே எந்த யூனிட்டையும் விட முடியாது. பல்கலை எதிர்பார்ப்பது சிலபஸில் அச்சாகியிருக்கும் புரோகிராம்களை: சீட்டு வரிசையில் ஒரு சீட்டைச் செருகுவது, எண்ணை யூகிப்பது, ஹனோய் கோபுரம் (சிறியதன் மேல் பெரியதை வைக்காமல் தட்டுகளை இடம் மாற்றும் புதிர்), ஜிசிடி (மீப்பெரு பொது வகுத்தி), பைனரி சர்ச் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), ஹிஸ்டோகிராம், வாக்காளர் வயது சரிபார்ப்பு. இவற்றை அப்படியே எழுதத் தெரிந்த மாணவன் தேறுவான். மின்கட்டணத்தில் ஊறிய மாணவனுக்கு ஹிஸ்டோகிராம் எழுத வராவிட்டால் அவனுக்கு அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்). முதல் செமஸ்டரில் விழும் அரியர் ஒரு பிள்ளையை எவ்வளவு உடைக்கும் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

45 பீரியட் என்று காகிதத்தில் இருக்கிறது. சேர்க்கைக் கவுன்சிலிங் நீண்டு வகுப்புகள் தாமதமாகத் தொடங்கும் ஆண்டுகளில் அந்த 45 கிடைப்பதே கஷ்டம். ஐந்தாம் யூனிட்டைக் கடைசி வாரத்தில் ஓட்டுகிறோம். இந்த நிலையில் "மேம்படுத்துவது" என்றால் முதலில் ஐந்து யூனிட்டையும் ஒழுங்காக முடிப்பதுதான் என்பது என் கருத்து.

---

கணினிமேசை

ஐயா, ஐந்து யூனிட்டையும் முடிக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நேரம் எங்கே போகிறது என்பதில்தான் வேறுபடுகிறேன்.

முதல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். அல்காரிதம், சூடோகோடு (நிரல் போலவே எழுதும் வரைவு), ஃப்ளோசார்ட், கடைசியில் இட்டரேஷன் (திரும்பத் திரும்பச் செய்வது), ரிகர்ஷன் (ஒரு கணக்கை அதன் சிறிய வடிவத்தைக் கொண்டே தீர்ப்பது). எடுத்துக்காட்டாக ஹனோய் கோபுரம். ஆனால் பைதானில் ஃபங்ஷன் எழுதுவது மூன்றாம் யூனிட்டில்தான் வருகிறது. ரிகர்ஷனும் மறுபடி அங்கே வருகிறது. ஃபங்ஷன் எழுதத் தெரியாத மாணவனுக்கு முதல் யூனிட்டிலேயே ஹனோயின் கோடை (பைதான் நிரலை) போர்டில் எழுதினால் அவன் அதை மனப்பாடம்தான் செய்வான். மூன்று நான்கு பீரியட் அதில் கரைந்துபோகும். மூன்றாம் யூனிட்டில் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

நான் முதல் யூனிட்டில் கோடே எழுதுவதில்லை. மூன்று அளவு நாணயங்களை மேசையில் வைத்து நகர்த்தச் சொல்கிறேன். மூன்று தட்டுக்கு 7 நகர்வு, நான்குக்கு 15. "நான்கு தட்டை நகர்த்த, மேலே உள்ள மூன்றையும் முதலில் எங்கே வைத்தாய்?" என்று கேட்டால் பெரியதைச் சிறியதாக்கும் யோசனை அவர்களுக்கே வந்துவிடுகிறது. அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிப்படியாக எழுதச் சொல்வேன். சிலபஸ் முதல் யூனிட்டில் கேட்பது அல்காரிதத்தை, அது கிடைத்துவிட்டது. கோடு மூன்றாம் யூனிட்டில், ஃபங்ஷனுக்கு அடுத்த பீரியடில். அங்கே பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

மின்கட்டணமும் அப்படித்தான். ஒவ்வொரு யூனிட்டிலும் புதுக் கதையோடு ஒரு புரோகிராம் என்றால் ஒவ்வொரு முறையும் கேள்வியை விளக்கவே நேரம் போகும். தெரிந்த கணக்கு என்றால் அன்றைக்குப் புதிதாக வரும் பைதான் விஷயத்தை மட்டும் சொன்னால் போதும். அப்படி மிச்சமாகும் பீரியடைத்தான் ஐந்தாம் யூனிட்டுக்குக் கொடுக்கிறேன். சிலபஸில் உள்ள ஜிசிடி, பைனரி சர்ச், ஹிஸ்டோகிராம் எல்லாம் தனியாக நடக்கும், தேர்வுக்கு எழுத வேண்டிய அதே வடிவில்.

புதுவிரிவுரையாளர் அவர்களுக்கு: வரிசையை மாற்றப் போகாதீர்கள். பொது இன்டர்னல் இருக்கும் இடத்தில் யூனிட் வரிசையை ஒருவர் மட்டும் மாற்றினால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். யூனிட்டுக்குள் எடுத்துக்காட்டை மாற்ற யார் அனுமதியும் தேவையில்லை. ஆறு பேரில் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு செக்‌ஷனில் நன்றாக நடந்தால் அடுத்த லெசன் பிளான் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

---

கட்டுமானத்துறை

நான் சிவில். எங்கள் பிள்ளைகளுக்குப் பைதான் எடுக்க சிஎஸ்ஈ (கணினி அறிவியல்) துறையிலிருந்து வருவார்கள். இரண்டு வருடமாக ஆய்வகத்தில் நானும் கூட நிற்கிறேன், ஒரு காரணத்துக்காக.

அதே முதல் பயிற்சியில் "இரும்புக் கம்பியின் எடை" என்று ஒரு கணக்கு இருக்கிறது. பல ரெக்கார்டுகளில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகு என்று ஒரு வரி, அத்தோடு சரி. 162 எங்கிருந்து வந்தது? கம்பி எஃகு; எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. விட்டம் மில்லிமீட்டரில். குறுக்குப் பரப்பைச் சதுர மீட்டராக மாற்றிப் பெருக்கினால் விட்ட வர்க்கத்துக்கு முன்னால் 0.006165 வரும், அதன் தலைகீழ்தான் 162. இதை மாணவர்களையே பைதானில் கணக்கிட வைத்தோம். சூத்திரம் வானத்திலிருந்து விழவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

12 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் 0.889 கிலோ. 12 மீட்டர் முழுக் கம்பி 10.67 கிலோ. கடையில் கம்பி எடைக்கு விற்கிறார்கள், தளத்தில் எண்ணிக்கைக்கு இறக்குகிறார்கள். இரண்டையும் ஒப்பிடுவதுதான் சைட்டில் எங்கள் பிள்ளைகள் செய்யப்போகும் முதல் வேலையே. ஆகவே நான்காம் யூனிட்டில் விட்டம், நீளம், எண்ணிக்கை என்று டப்பிள்களாக வைத்து ஒரு லாரி லோடின் எடையைக் கூட்டச் சொல்கிறோம். ஆய்வகப் பட்டியலில் "கட்டடத்துக்குத் தேவையான பொருட்கள்" என்று லிஸ்ட் பயிற்சி ஒன்று இருக்கிறதே, அதற்கு இதையே போட்டுவிட்டோம். சிமெண்ட், மணல், செங்கல் என்று பெயர்களை மட்டும் அடுக்கி அப்பெண்ட், ரிமூவ் செய்து காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் வேண்டுகோள்: பைதான் எடுக்க வரும் ஆசிரியர்கள் அந்தந்தத் துறையில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். பட்டியலே துறை துறையாகக் கணக்குகளைக் கொடுத்திருக்கிறது. எழுதியவர்கள் அதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

---

மின்னியல்

அதே முதல் பயிற்சியில் உள்ள மூன்று ஃபேஸ் மின்னோட்டக் கணக்குக்கும் இதுவே. எங்கள் பிள்ளைகளுக்கு 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 3,730 வாட், 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8. ஏறத்தாழ 6.5 ஆம்பியர் வரும்; மோட்டாரின் திறன் இழப்பைச் சேர்த்தால் கூடும். விவசாய வீட்டுப் பிள்ளைகள் ஸ்டார்ட்டரில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு வந்து ஏன் வித்தியாசம் என்று கேட்கிறார்கள். முதல் செமஸ்டரில் அந்தக் கேள்வி வந்துவிட்டால் எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் மிஷின்ஸ் பாடம் எடுப்பது சுலபம்.

---

ஆய்வகப் பொறுப்பு

அதே பயிற்சியில் உள்ள சைன் தொடரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

பெரும்பாலான மேனுவலில் டிகிரியை ரேடியனாக மாற்றும் வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமலே நகலெடுப்பார்கள். நான் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன். 30 என்று உள்ளீடு கொடுத்து ஐந்து உறுப்புகள் கூட்டினால் விடை 5 கோடியைத் தாண்டுகிறது. சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாது என்று பிளஸ் டூவில் படித்தவர்கள் அதிர்ந்துபோவார்கள். கோடில் எரர் எதுவும் வராது, ஓடிவிடும், ஆனால் விடை தவறு. "ஓடினால் சரி" என்ற நினைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிறகு ரேடியனை அவர்களே சேர்க்கிறார்கள். அதன் பிறகு உறுப்புகளை இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டி 0.5-ஐ எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது என்று அச்சிடச் சொல்வேன்.

இதற்கு ஆன கூடுதல் நேரம் பத்து நிமிடம்.

---

நெல்லைத் தமிழாசிரியை

வணக்கம். நான் பைதான் இல்லை, தமிழர் மரபு எடுக்கிறேன். அதே முதல் செமஸ்டர், அதே ரெகுலேஷன். உங்களுக்கு 45 பீரியட். எனக்கு மொத்தமே 15. யூனிட்டுக்கு மூன்று.

மூன்றாம் யூனிட்டைப் பாருங்கள்: தெருக்கூத்து, கரகாட்டம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒயிலாட்டம், தோல்பாவைக் கூத்து, சிலம்பாட்டம், வளரி, புலியாட்டம், அதோடு தமிழர் விளையாட்டுகள். மூன்று மணி நேரத்தில் இத்தனையும். ஒவ்வொன்றுக்கும் பத்து வரி நோட்ஸ் கொடுத்துவிட்டு நகர்ந்தால் தேர்வுக்குப் போதும். பொறியியல் படிக்க வந்த பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் இப்போது செய்வது இது. முதல் மணியில் பத்தையும் ஒரு பட்டியலாக, எந்தப் பகுதியில் ஆடப்படுகிறது, எந்தக் கருவி, எந்தச் சடங்கோடு சேர்ந்தது என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுவேன். தேர்வுக்கான வேலை அதில் முடிந்துவிடும். மீதி இரண்டு மணியும் ஒரே ஒரு கலைக்கு. எங்கள் பக்கம் என்பதால் கணியான் கூத்து. சுடலைமாடன் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) இன்னும் நடக்கிறது. அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் கதை பாட, மகுடம் என்ற தோற்கருவி ஒலிக்க, பெண் வேடமிட்டவர்கள் ஆடுவார்கள். வகுப்பில் கொடைக்குப் போய்ப் பார்த்த பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். போனில் எடுத்த காட்சிகளைக் கொண்டுவருவார்கள். மெக்கானிக்கல் பிள்ளைகளிடம் மகுடத்தை ஏன் தீயில் காய்ச்சி வாசிக்கிறார்கள் என்று கேட்டால் தோலின் இழுவிசை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அசைன்மென்ட் என்று நான் கேட்பது ஒரு பக்கம்தான்: உன் ஊரில் நடக்கும் ஒரு கலை அல்லது விளையாட்டு, யார் நடத்துகிறார்கள், எப்போது, யாரிடம் கேட்டாய்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் எடுப்பவர்கள் இதே இடத்தில் தெருக்கூத்தை வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட சிலபஸ் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் வகுப்பு வேறாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

---

கணினிமேசை

மேடம், அட்டவணையை முதல் மணியிலேயே கொடுத்துவிடும் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். தேர்வுப் பயத்தை முதலில் இறக்கிவைத்துவிட்டால் மீதி நேரம் சுதந்திரமாக இருக்கும். ஸ்ட்ரிங் மெதட்களுக்கும் லிஸ்ட் மெதட்களுக்கும் இதைச் செய்யப்போகிறேன்.

---

கிராமத்துக் கணினி

யாரும் தொடாத ஒரு விஷயம். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபிறகு வகுப்பின் அமைப்பே மாறியிருக்கிறது. மகிழ்ச்சியான மாற்றம். எங்கள் வகுப்பில் தமிழ்வழியில் படித்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பக்கத்திலேயே பதினொன்றாம் வகுப்பு முதல் கணினி அறிவியல் எடுத்துப் பைதானை ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். உயிரியல் குரூப்பில் வந்த பிள்ளை கீபோர்டில் இப்போதுதான் விரல் வைக்கிறது. சிலபஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. வகுப்பில் நிற்கும் நமக்குத்தான் தெரியும்.

நான் செய்வது: முதல் யூனிட் முழுக்க அல்காரிதத்தைத் தமிழில் எழுத அனுமதிக்கிறேன். யோசனை சரியாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவது இரண்டாவது வேலை. தேர்வுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் இரண்டாம் யூனிட்டிலிருந்து அதே அல்காரிதத்தை ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் பழக்கம். ஏற்கெனவே பைதான் தெரிந்தவர்களுக்குக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பேன். கணினிமேசை சாரின் மின்கட்டணக் கணக்கு இதற்கு வசதி: தொடக்கத்தில் இருப்பவர் ஒரு வீட்டுக்கு எழுதட்டும், தெரிந்தவர் ஒரு தெருவுக்கே எழுதட்டும்.

தெரிந்தவர்களைத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது எங்கும் நடக்கிறது. ஒரே ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல்லிக்கொடுப்பவர் கீபோர்டைத் தொடக்கூடாது.

---

முப்பதாண்டு ஆசிரியர்

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். கட்டுமானத்துறை சார் சொன்ன 162 கணக்கும், சைன் தொடரில் ஒரு வரியை எடுத்துவிடுவதும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. இவை பீரியடைத் தின்னாது. ஹனோயை முதல் யூனிட்டில் கோடாக நடத்த வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன். பல்கலை வினாவில் முதல் யூனிட்டில் அல்காரிதம் கேட்பார்கள், அதற்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீங்கள் செய்யும் மாற்றம் உங்களோடு போய்விடக்கூடாது. முதலாண்டுப் பாடங்களை எடுக்கும் ஆள் அடிக்கடி மாறுகிறார். நல்ல ஆசிரியர் ஒருவர் பாடத்தை அழகாகச் செதுக்கி வைத்திருப்பார்; அடுத்த ஜூலையில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்; புதிதாக வருபவர் மறுபடி பழைய மேனுவலைத்தான் எடுப்பார். கோர்ஸ் ஃபைலில் லெசன் பிளான், சிஓ-பிஓ மேப்பிங் (பாடத்தின் இலக்குகளைப் பட்டப்படிப்பின் இலக்குகளோடு பொருத்துவது), அட்டெயின்மென்ட் தாள் (இலக்கை எவ்வளவு எட்டினோம் என்ற கணக்கு) எல்லாம் தடிமனாக இருக்கும். அங்கீகார ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். "எந்தப் பீரியடில் பிள்ளைகள் தடுமாறினார்கள், நான் என்ன மாற்றினேன், மாற்றியது பலித்ததா" என்று ஒரு பக்கம் இருக்காது. நான் என் துறையில் அந்த ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்கினேன். டைப் செய்யக்கூட வேண்டாம், கையால் எழுதினாலும் போதும். அடுத்து வருபவருக்கு அந்த ஃபைலில் உண்மையாகப் பயன்படுவது அந்தப் பக்கம்தான்.

---

தரமதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இப்படிச் செய்தால் சிஓ மேப்பிங் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கெடாது. இந்தப் பாடத்தின் சிஓக்களை எடுத்துப் பாருங்கள்: எளிய கணக்குக்கு அல்காரிதம் உருவாக்குவது, நிபந்தனையும் லூப்பும் கொண்டு புரோகிராம் எழுதுவது, புரோகிராமை ஃபங்ஷன்களாகப் பிரிப்பது, லிஸ்ட், டப்பிள், டிக்ஷனரியில் தரவை வைப்பது, ஃபைலில் படித்து எழுதுவது. எந்த எடுத்துக்காட்டைக் கொண்டு என்று எங்கும் இல்லை. மின்கட்டணக் கணக்கு ஒன்றே பெரும்பாலான சிஓக்களைத் தொடுகிறது.

கோர்ஸ் ஃபைலில் "கன்டென்ட் பியாண்ட் சிலபஸ்" (சிலபஸுக்கு அப்பால் நடத்தியது) என்ற பத்திக்கு ஒரு நாள் கெஸ்ட் லெக்சர் வைத்து ஃபோட்டோ ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. 500, 501 என்று எல்லை மதிப்புகளைக் கொடுத்துச் சோதிப்பது சிலபஸில் இல்லாத விஷயம், ஆனால் மாணவர்களுக்கு வேலையில் தினமும் தேவைப்படும். அதை அந்தப் பத்தியில் எழுதுங்கள். ஆய்வுக்கு வருபவர் மாணவர்களிடம் கேட்டால் மாணவர்களே விளக்குவார்கள்.

---

புதுவிரிவுரையாளர்

எல்லாருக்கும் நன்றி. என் பக்கத்து செக்‌ஷன் மேடத்திடம் பேசிவிட்டேன். அவர்களும் மின்கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. வகுப்பு முழுக்க ஒரே கணக்கு என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் நகலெடுப்பார்கள். இப்போது எல்லாம் கேட்டவுடன் கோடு எழுதிக் கொடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறீர்கள்?

---

கணினிமேசை

நல்ல கேள்வி. ரெகுலேஷன் 2021-இல் தியரி பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைத் தேர்வு 60. அந்த உள்மதிப்பீட்டுக்கு இரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, செமினார், மினி புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. இந்த 40-தான் நமக்குக் கிடைத்த இடம். பல இடங்களில் அதற்குப் பதில் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி எல்லாருக்கும் 36, 37 போட்டுவிடுகிறார்கள்.

நான் அந்த 40-ஐ இப்படிப் பிரிக்கிறேன். ஃப்ளோசார்ட்டும் அல்காரிதமும் கையால் எழுதியது: 10. ஓடும் புரோகிராம், நான் கொடுக்கும் எல்லை மதிப்புகளுக்குச் சரியான விடை: 10. மீதி 20 கணினி முன்னால். மாணவர் தன் புரோகிராமைத் திறந்து வைப்பார், நான் ஒரு மாற்றம் சொல்வேன். "இலவச யூனிட் 100-க்குப் பதில் 50 என்று வை." "600-க்கு மேல் 800 வரை 9 ரூபாய், அந்தப் படியைச் சேர்." "500 என்ற எல்லையை நீக்கிவிட்டு எல்லாருக்கும் ஒரே விகிதம் வை." "ரீடிங்குக்குப் பதில் எழுத்தை டைப் செய்தால் நிற்காமல் மறுபடி கேட்கும்படி செய்." மாற்றத்தை முடித்ததும் எந்த வரியை ஏன் மாற்றினார் என்று சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் முழு மதிப்பெண்.

முதலில் யாரிடம் கோடு வாங்கினார் என்று நான் விசாரிப்பதே இல்லை. வாங்கியவர் அதைப் புரிந்துகொண்டிருந்தால் மாற்றிவிடுவார். புரியாவிட்டால் அங்கே நின்றுவிடுவார், அவருக்கு எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று எனக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். 60 பேர் கொண்ட வகுப்புக்கு ஒரே ஆய்வக நாளில் முடியாது, இரண்டு பேட்ச்சாகப் பிரித்து, மற்றவர்கள் அடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருக்கும்போது ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். மாற்றங்களின் பட்டியலை வகுப்புக்கு முன்கூட்டியே கொடுத்துவிடலாம், அதில் தவறில்லை. பத்துப் பதினைந்து மாற்றங்களையும் செய்து பழகிவிட்டு வந்தால் நமக்கு வேண்டியதும் அதுதானே.

பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். சிவில், மின்னியல் கணக்குகளுக்கும் இதே மாதிரிப் பட்டியல் யாராவது தயாரித்தால் மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிவிடலாம்.

---

கட்டுமானத்துறை

கம்பிக் கணக்குக்கு நான் தயாரிக்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு முன் அனுப்பிவிடுகிறேன்.